பக்கம் ரீலோடு ஆகாமல் புதுப்பிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி முடித்து நேராக வேலைக்கு வந்தவர்களும், பிஎச்பியிலோ ஜாங்கோவிலோ பல வருடம் எழுதிவிட்டு இப்போதுதான் ஜாவாஸ்கிரிப்டில் கை வைப்பவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன். முதல் சில அடிப்படை. போகப் போகச் சிக்கல் கூடும்.

1. ரீலோடு ஆகாமலே பக்கம் மாறுதே, உள்ளே என்னதான் நடக்குது?

சாதாரண லிங்க்கை அழுத்தினால் பிரவுசர் பழைய பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, சர்வரிலிருந்து முழுப் பக்கத்தையும் வாங்கிப் புதிதாக வரையும். அசின்க்ரனஸ் முறையில் பழைய பக்கம் அப்படியே இருக்கும். ஜாவாஸ்கிரிப்ட் பின்னணியில் ஒரு ரெக்வெஸ்ட் அனுப்பும். பதில் வந்ததும் எந்த இடம் மாற வேண்டுமோ அதை மட்டும் மாற்றும். அதுவரை பயனர் ஸ்க்ரோல் செய்யலாம், வேறு கட்டத்தில் தட்டச்சு செய்யலாம்.

இதற்கான வசதி 1999-ல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-லேயே இருந்தது. மைக்ரோசாஃப்டில் அவுட்லுக்கை பிரவுசருக்குள் கொண்டுவர முயன்ற குழுவுக்காகப் பிறந்தது அது. பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2004-ல் ஜிமெயிலும் 2005-ல் கூகுள் மேப்ஸும் வந்த பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் கேரட் இந்த முறைக்கு அஜாக்ஸ் என்று பெயர் வைத்தார்.

ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முழுப் பக்கம் ஏறும்போது பிரவுசர் நமக்காக நிறைய வேலையைச் சும்மா செய்து தந்தது: லோடிங் அடையாளம், பிழைப் பக்கம், பேக் பட்டன், லாகின் பக்கத்துக்குத் திருப்புவது, பார்வையற்றவர்களின் ஸ்க்ரீன் ரீடருக்குப் பக்கம் மாறியதைச் சொல்வது. ரீலோடு வேண்டாம் என்று முடிவு செய்த நிமிடத்திலிருந்து அத்தனையும் நம் தலையில். கீழே வரும் கேள்விகளில் முக்கால்வாசி இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

2. ஃபெட்ச் பிரவுசரிலேயே இருக்கே, லைப்ரரி எதுக்கு?

ஃபெட்ச் என்பது பின்னணி ரெக்வெஸ்ட் அனுப்ப பிரவுசரிலேயே இருக்கும் ஃபங்ஷன். 2006-ல் ஜான் ரெசிக் ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை வெளியிட்டபோது ஒவ்வொரு பிரவுசரும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொண்டது. ரெக்வெஸ்ட் அனுப்பக்கூட இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-க்கு ஒரு வழி, ஃபயர்ஃபாக்ஸுக்கு வேறு வழி. அந்த வித்தியாசத்தை மறைப்பதுதான் ஜேகுவெரி, ப்ரோட்டோடைப், மூடூல்ஸ் எல்லாவற்றின் முக்கிய வேலை. 2015-ல் க்ரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும், 2017-ல் சஃபாரியிலும் ஃபெட்ச் வந்துவிட்டதால் அந்தக் காரணம் இன்று செல்லாது.

மிச்சமிருப்பது முதல் கேள்வியின் கடைசியில் சொன்ன காரணம். ஃபெட்ச் அனுப்பும், வாங்கும், அவ்வளவுதான். ஆக்சியோஸ் அதற்கு மேல் எரர், டைம்அவுட், டோக்கன் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும். எச்டிஎம்எக்ஸும் டர்போவும் பதிலைப் பக்கத்தில் பொருத்துவது, பேக் பட்டன் போன்றவற்றையும் சேர்த்துச் செய்யும். ரியாக்டும் வியூவும் வேறு வகை: டேட்டா மாறினால் திரை மாறும் என்பதுதான் அவை தரும் உறுதி. டேட்டாவை எப்படி வாங்குவது என்பது உங்கள் பாடு. பழைய முறையில் பிரவுசர் சும்மா செய்த வேலைகளில் எவற்றை இந்த லைப்ரரி திருப்பித் தருகிறது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

3. சரி, புதுசா ஆரம்பிக்கிறோம்னா எதை எடுக்கலாம்?

பட்டியல், ஃபார்ம், தேடல், ரிப்போர்ட் என்று போகும் அலுவலகச் செயலியாக இருந்து, எச்டிஎம்எல்லை ஏற்கெனவே சர்வரில் உருவாக்கிக்கொண்டிருந்தால் எச்டிஎம்எக்ஸ் போதும். எந்த பட்டனை அழுத்தினால் எந்த முகவரிக்குப் போக வேண்டும், பதில் எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதை எச்டிஎம்எல் பண்புகளாகவே எழுதிவிடலாம். டேட்டாவை மட்டும் எழுத்தாக அனுப்பும் ஜேசன் வடிவத்துக்குப் பதில் சர்வர் எச்டிஎம்எல் துண்டையே அனுப்பும். ரூபி மொழியின் ரெயில்ஸ் ஃப்ரேம்வொர்க்கில் எழுதும் ஆட்கள், அதன் கூடவே வரும் டர்போவை விட்டு வெளியே போகத் தேவையில்லை.

இழுத்துப் போடுவது, ஒரே டேட்டா நான்கு இடத்தில் ஒரே நேரத்தில் மாறுவது, நெட் இல்லாதபோதும் ஓடுவது என்றெல்லாம் வந்தால் ரியாக்ட் அல்லது வியூ. பத்து வருடமாக ஜேகுவெரியில் ஓடிக்கொண்டிருக்கும் செயலியை ‘பழசு’ என்ற ஒரே காரணத்துக்காக மாற்றி எழுதச் சொன்னால் நான் மறுப்பேன். ஆனால் பக்கத்தின் ஒரே பகுதியை இரண்டு லைப்ரரிகளிடம் ஒப்படைக்காதீர்கள். ரியாக்ட் வரைந்த டேபிளுக்குள் ஜேகுவெரி ஒரு வரிசையைச் செருகினால், அடுத்த முறை ரியாக்ட் வரையும்போது அது காணாமல் போகலாம், அல்லது எரர் வரலாம்.

4. ஜேகுவெரி ஏறியிருக்கு, ஆனா அஜாக்ஸ் ஒரு ஃபங்ஷனே இல்லைன்னு கன்சோலில் எரர் வருதே?

ஸ்க்ரிப்ட் முகவரியில் ‘ஸ்லிம்’ என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். ஜேகுவெரி 3-லிருந்து வரும் ஸ்லிம் பதிப்பில் அஜாக்ஸும் அனிமேஷனும் கிடையாது. பூட்ஸ்ட்ராப் 4-ன் தொடக்க மாதிரிப் பக்கத்தில் ஸ்லிம்தான் இருந்தது. அதை அப்படியே எடுத்து ஒட்டியவர்கள் எல்லோரும் இங்கே மாட்டினார்கள். முழுப் பதிப்பைப் போட்டால் தீர்ந்தது.

5. ஃபங்ஷனுக்குள்ளே டேட்டா வருது, ரிட்டர்ன் பண்ணினா மட்டும் அன்டிஃபைன்ட். ஏன்?

ஏனென்றால் ரிட்டர்ன் நடந்த நேரத்தில் பதில் இன்னும் வரவே இல்லை. ரெக்வெஸ்ட் அனுப்பும் வரி அனுப்பிவிட்டு உடனே அடுத்த வரிக்குப் போய்விடும். பதில் வந்ததும் ஓட வேண்டிய கோடு, அதாவது நிரல், பிறகு தனியாக ஓடும். பதிலை வைத்துச் செய்ய வேண்டியதெல்லாம் அந்தத் தனிக் கோடுக்குள் இருக்க வேண்டும். அசின்க், அவெய்ட் வைத்து எழுதினால் பார்க்க வரிசையாகத் தெரியும், உள்ளே நடப்பது அதேதான். அவெய்ட் போட மறந்தால் அன்டிஃபைன்டுக்குப் பதில் ஒரு ப்ராமிஸ், அதாவது ‘பதில் பிறகு வரும்’ என்று சொல்லும் ஆப்ஜெக்ட், கையில் வரும்.

ஜேகுவெரியில் ‘அசின்க்: ஃபால்ஸ்’ போட்டால் சரியாகிவிடுகிறதே என்பார்கள். ஆகும், பதில் வரும்வரை மொத்தப் பக்கமும் உறைந்து நிற்கும். பிரவுசர்கள் இதைக் கைவிடப்படும் வசதி என்று எச்சரிக்கின்றன. அந்த வழி வேண்டாம்.

6. சர்வர் 500 அனுப்புது, ஆனா என் கேட்ச் பகுதிக்குப் போகவே மாட்டேங்குது.

ஃபெட்ச்சைப் பொறுத்தவரை 404, 500 எல்லாம் வெற்றிகரமான பதில்தான். சர்வரோடு பேச முடிந்ததா என்பதை மட்டுமே அது பார்க்கும். நெட் அறுந்தால், முகவரி கிடைக்காவிட்டால், கார்ஸ் (வேறு தளத்தின் பதிலைப் படிப்பது பற்றிய பிரவுசர் விதி, 8-ல் வரும்) தடுத்தால்தான் கேட்ச்சுக்குப் போகும். அதனால் பதில் வந்ததும் அதன் ‘ஓகே’ பண்பைச் சோதித்து, இல்லையென்றால் நீங்களே எரர் எறிய வேண்டும். ஜேகுவெரியும் ஆக்சியோஸும் இந்த விஷயத்தில் நாம் எதிர்பார்க்கிறபடியே நடக்கும்.

எச்டிஎம்எக்ஸ் 2-ல் கதை வேறு. 4-லும் 5-லும் தொடங்கும் எண்களுடன் வரும் பதிலை அது இயல்பாகப் பக்கத்தில் பொருத்தாது. பட்டனை அழுத்தினால் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். ஃபார்ம் தவறுகளை 422-ஓடு அனுப்புகிறவர்கள் அந்த எண்ணைப் பொருத்தும்படி அமைப்பில் சொல்ல வேண்டும். டர்போவோ நேர் எதிர்: தவறான ஃபார்முக்கு 422 எதிர்பார்க்கும், 200 அனுப்பினால் முணுமுணுக்கும். எதுவாக இருந்தாலும் முதலில் நெட்வொர்க் டேபைத் திறந்து எண்ணைப் பாருங்கள். கோடைப் படிப்பது அதற்கப்புறம்.

7. ஜேகுவெரியிலிருந்து ஆக்சியோஸுக்கு மாறினேன். பிஎச்பியில் போஸ்ட் வரிசை காலியா இருக்கு!

ஜேகுவெரி டேட்டாவைச் சாதாரண ஃபார்ம் வடிவில் அனுப்பியது. ஆக்சியோஸ் ஆப்ஜெக்டை ஜேசனாக மாற்றி அனுப்புகிறது. பிஎச்பி ஃபார்ம் வடிவத்தை மட்டுமே போஸ்ட் வரிசையில் ($_POST) நிரப்பும். ஜேசன் வந்தால் உள்ளீட்டை நேரடியாகப் படித்து நீங்களே பிரிக்க வேண்டும். அல்லது அனுப்பும் பக்கத்தில் ஃபார்ம்டேட்டாவாக அனுப்புங்கள். அப்படி அனுப்பும்போது கன்டென்ட்-டைப் ஹெடரை, அதாவது ரெக்வெஸ்டோடு போகும் வடிவக் குறிப்பை, கையால் எழுதாதீர்கள். பகுதிகளைப் பிரிக்கும் எல்லைக்குறியை பிரவுசர்தான் அதில் சேர்க்க வேண்டும். நீங்கள் எழுதினால் அது விடுபட்டு, சர்வரால் எதையும் பிரிக்க முடியாமல் போகும்.

8. போஸ்ட்மேனில் வருது, பிரவுசரில் கார்ஸ் எரர். யார் மேல தப்பு?

யார் மேலும் இல்லை. ஒரு தளத்தின் ஸ்க்ரிப்ட் இன்னொரு தளத்தின் பதிலைப் படிக்கக் கூடாது என்பது பிரவுசரின் விதி. போஸ்ட்மேன் ரெக்வெஸ்ட் அனுப்பிச் சோதிக்கும் கருவி, பிரவுசர் இல்லை, அதற்கு அந்த விதி கிடையாது. பதில் தரும் சர்வர் ‘இந்தத் தளம் படிக்கலாம்’ என்று ஹெடரில் அனுமதி தந்தால்தான் பிரவுசர் விடும். உங்கள் ஜாவாஸ்கிரிப்டில் எதைப் போட்டாலும் இதைத் தாண்ட முடியாது. ‘நோ-கார்ஸ்’ மோடு எரரை மறைக்கும், பதிலையும் சேர்த்து மறைத்துவிடும்.

அந்த சர்வர் உங்கள் கையில் இல்லையென்றால், உங்கள் சர்வரே அதைக் கூப்பிட்டு வாங்கித் தரட்டும். இன்னொன்று: எளிய வகை ரெக்வெஸ்ட் (பிரவுசர் முன்கூட்டியே அனுமதி கேட்காமல் அனுப்புவது) என்றால் தடுக்கப்படுவது படிப்பது மட்டும்தான், ரெக்வெஸ்ட் சர்வருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், வேலையும் நடந்திருக்கும். ‘எரர்தானே வந்தது’ என்று நாலு முறை அழுத்தினால் நாலு பதிவு விழுந்திருக்கலாம்.

9. பட்டியல் வாங்க முடியுது, சேவ் பண்ணினா மட்டும் 403.

ஜாங்கோவில் 403, லாராவெலில் 419 என்றால் பெரும்பாலும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (ரெக்வெஸ்ட் உங்கள் பக்கத்திலிருந்துதான் வந்தது என்று சர்வர் சரிபார்க்கும் ரகசியக் குறி) போகவில்லை. சாதாரண ஃபார்மில் மறைந்த கட்டமாகப் போய்க்கொண்டிருந்தது அது. இப்போது நீங்கள்தான் ஹெடரில் வைத்து அனுப்ப வேண்டும். லாராவெல் வைக்கும் குக்கீயை ஆக்சியோஸ் தானாகவே எடுத்து ஹெடரில் வைத்துவிடும். ஃபெட்ச் அதைச் செய்யாது. அதனால்தான் ஒருவரின் கோடு ஓடுகிறது, அதையே ஃபெட்ச்சில் எழுதியவருடையது ஓடுவதில்லை.

10. புதுசா வந்த வரிசையில் டெலீட் பட்டன் வேலை செய்யலை. சரி பண்ணினேன், இப்போ ரெண்டு தடவை டெலீட் ஆகுது.

கிளிக் கோடை பக்கம் ஏறியபோது கட்டினீர்கள். அன்று இருந்த பட்டன்களுக்கு மட்டும்தான் அது கட்டப்பட்டது. பிறகு அஜாக்ஸில் வந்தவற்றுக்கு அது தெரியாது. ஒவ்வொரு முறை டேபிள் புதுப்பித்த பிறகும் மறுபடி கட்டுவது பலர் கண்டுபிடிக்கும் தீர்வு. அதில் பழைய வரிசைகளுக்கு இரண்டு, மூன்று என்று கட்டுகள் சேர்ந்துகொண்டே போகும். அதுதான் உங்கள் இரட்டை டெலீட்.

மாறாமல் நிற்கும் தாய் எலிமென்டில், அதாவது டேபிளிலேயே, ஒரே ஒரு முறை கட்டுங்கள். கிளிக் மேல்நோக்கி ஏறி வரும்போது எந்த பட்டனிலிருந்து வந்தது என்று பார்த்துக்கொள்ளலாம். ஜேகுவெரியில் ‘ஆன்’ ஃபங்ஷனுக்கு இரண்டாவதாக செலக்டரைக் கொடுப்பது இதற்குத்தான். ‘லைவ்’ என்று எழுதப்பட்ட பழைய கோடு கிடைத்தால் நம்பாதீர்கள், அது 1.9-லேயே நீக்கப்பட்டுவிட்டது.

டர்போவில் இதே நோய் இன்னொரு உருவத்தில் வரும். பக்கம் மாறினாலும் டாக்குமென்ட் உண்மையில் மாறுவதில்லை என்பதால், ‘ரெடி’க்குள் எழுதிய கோடு ஒரே முறைதான் ஓடும். சரி என்று ‘டர்போ:லோடு’க்கு மாற்றி, அதற்குள் டாக்குமென்டிலேயே கிளிக்கைக் கட்டினால், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கட்டு கூடும்.

11. தேடல் கட்டத்தில் வேகமா டைப் பண்ணினா, பழைய வார்த்தைக்கான முடிவு கடைசியா வந்து உட்காருது.

அனுப்பிய வரிசையில்தான் பதில் வரும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. ‘மது’ என்று தேடியதற்கு ஐநூறு முடிவு, அதனால் தாமதம். ‘மதுரை’க்குப் பத்து முடிவு, சட்டென்று வந்துவிட்டது. பின்னால் வந்த ‘மது’ அதை அழித்துவிடும். உங்கள் கணினியில் சர்வரும் பக்கத்திலேயே ஓடுவதால் இது கண்ணில் படாது. டெவலப்பர் கருவியில் நெட்வொர்க்கை மெதுவாக்கிப் பாருங்கள்.

இரண்டு வேலை செய்ய வேண்டும். விரல் நின்று சுமார் 300 மில்லி விநாடி கழித்து மட்டும் ரெக்வெஸ்ட் அனுப்புவது ஒன்று. ஆனால் அது எண்ணிக்கையைக் குறைக்குமே தவிர, முந்திப் பிந்தி வருவதைத் தடுக்காது. அதற்கு, புதியதை அனுப்பும் முன் பழையதை அபார்ட்கன்ட்ரோலர் வைத்து ரத்து செய்ய வேண்டும். எச்டிஎம்எக்ஸில் இரண்டுக்கும் பண்புகள் உண்டு: ட்ரிகரில் ‘டிலே’, அதோடு ‘எச்எக்ஸ்-சின்க்’. ரத்து செய்தது பிரவுசர் பக்கம் மட்டும்தான் என்பது நினைவிருக்கட்டும். சர்வர் தன் வேலையைத் தொடர்ந்துகொண்டிருக்கலாம். தேடலுக்குப் பரவாயில்லை, சேவ் செய்வதை இப்படி ரத்து செய்ய முடியாது.

12. அதே தேடல், ஆங்கிலத்தில் சரியா வருது. தமிழில் டைப் பண்ணினா தப்பும் தவறுமா வருது.

மூன்று இடத்தில் பார்க்க வேண்டும். சில கீபோர்டுகளில் ஒரு எழுத்து உருவாகி முடியும் முன்பே இன்புட் நிகழ்வு கிளம்பிவிடும். நீங்கள் பாதி எழுத்தைத் தேடுகிறீர்கள். நிகழ்வின் ‘இஸ்கம்போசிங்’ பண்பு உண்மையாக இருக்கும்வரை அனுப்பாதீர்கள். அடுத்து, முகவரியில் சொல்லை அப்படியே ஒட்டாமல் யூஆர்எல்சர்ச்பேராம்ஸ் வழியாக அனுப்புங்கள். தமிழ் மட்டுமல்ல, ‘ரவி & கோ’ என்று ஒரு கடைப் பெயர் வந்தாலும் ஒட்டிய முகவரி & குறியோடு அறுந்துவிடும். யூடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட், முகவரியில் 9 எழுத்து. ‘தமிழ்’ என்ற சொல்லே 45 எழுத்தாக நீளும். நீண்ட பத்தியை கெட் முறையில் அனுப்பாதீர்கள்.

மூன்றாவதுதான் ஆளைக் கொல்வது. ‘கொ’வின் துணைக்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். டேட்டாபேஸ் பொருத்திப் பார்த்தால் ஒத்துப்போகாது. சேமிக்கும்போதும் தேடும்போதும் ‘நார்மலைஸ்’ செய்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்.

13. சில நேரம் டேபிள் இருக்க வேண்டிய இடத்தில் முழு லாகின் பக்கமும் வந்து நிக்குது!

பயனர் சாப்பிடப் போயிருந்தார், செஷன், அதாவது அவர் லாகின் செய்திருப்பதை சர்வர் நினைவில் வைத்திருக்கும் காலம், முடிந்துவிட்டது. சர்வர் வழக்கம்போல 302 கொடுத்து லாகினுக்குத் திருப்பியது. பிரவுசர் அந்தத் திருப்பத்தைத் தானே பின்தொடர்ந்து, லாகின் பக்கத்தை 200 எண்ணோடு உங்கள் கோடிடம் கொடுத்தது. 6-வது கேள்வியில் சொன்ன ‘ஓகே’ சோதனையும் இதைப் பிடிக்காது.

சர்வர், வந்தது பின்னணி ரெக்வெஸ்ட் என்று தெரிந்தால் 302-க்குப் பதில் 401 தரட்டும். அதைப் பார்த்து உங்கள் கோடு முழுப் பக்கத்தையும் லாகினுக்குக் கொண்டுபோகட்டும். அடையாளம் காண ஜேகுவெரியும் எச்டிஎம்எக்ஸும் தனி ஹெடர் அனுப்புகின்றன. ஃபெட்ச்சில் நீங்களே சேர்க்க வேண்டும். எச்டிஎம்எக்ஸ் என்றால் ‘எச்எக்ஸ்-ரீடைரக்ட்’ ஹெடரைத் திருப்பி அனுப்பினாலே முழுப் பக்கமும் நகர்ந்துவிடும்.

14. பேக் அழுத்தினா மெனு, ஸ்டைல் எதுவும் இல்லாம வெறும் துண்டு மட்டும் தெரியுது.

ஒரே முகவரிக்கு இரண்டு விதமான பதில் தருகிறீர்கள்: நேராக வந்தால் முழுப் பக்கம், அஜாக்ஸில் வந்தால் துண்டு. பிரவுசரின் கேஷுக்கு முகவரி ஒன்றுதான். கடைசியாக வாங்கிய துண்டை வைத்துக்கொண்டு, பேக் அழுத்தும்போது அதையே முழுப் பக்கமாகக் காட்டிவிடுகிறது.

13-ல் சொன்ன அடையாள ஹெடரைக் குறிப்பிட்டு, ‘இந்தப் பதில் அந்த ஹெடரைப் பொறுத்து மாறும்’ என்று ‘வேரி’ ஹெடரில் சொல்லுங்கள். எச்டிஎம்எக்ஸுக்கு அதன் மதிப்பு ‘எச்எக்ஸ்-ரெக்வெஸ்ட்’. எனக்குப் பிடித்தது இன்னும் எளிய வழி: துண்டுகளுக்குத் தனி முகவரியே கொடுத்துவிடுவது. அப்போது பக்கத்தின் முகவரியை மாற்றும் இடத்தில் முழுப் பக்கத்தின் முகவரியைத்தான் போடுகிறோமா என்று கவனிக்க வேண்டும். இல்லையென்றால் அந்த லிங்க்கை வாட்ஸ்அப்பில் வாங்கியவர் வெறும் துண்டைத்தான் பார்ப்பார்.

15. வந்த எச்டிஎம்எல்லை இன்னர்எச்டிஎம்எல்லில் போடுறேன். அதிலிருக்கும் ஸ்க்ரிப்ட் ஓடலை. அப்போ அது பாதுகாப்புதானே?

இல்லை. இன்னர்எச்டிஎம்எல் வழியாக வரும் ஸ்க்ரிப்ட் டேக் ஓடாது என்பது உண்மை. ஆனால் ஒரு படத்தின் ‘ஆன்எரர்’ பண்பில் எழுதிய கோடு தாராளமாக ஓடும். ஜேகுவெரியின் ‘எச்டிஎம்எல்’ ஃபங்ஷனில் ஸ்க்ரிப்ட் டேக்கே ஓடும். பயனர் எழுதிய பெயரோ கருத்தோ என்றால் டெக்ஸ்ட்கன்டென்ட்டில் போடுங்கள். துண்டாக அனுப்பினால் சர்வர் டெம்ப்ளேட் அதை எஸ்கேப் செய்கிறதா, அதாவது எச்டிஎம்எல் குறிகளை வெறும் எழுத்தாக மாற்றுகிறதா என்று உறுதிப்படுத்துங்கள்.

16. டேபிள் மாறினது ஸ்க்ரீன் ரீடர் வச்சிருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?

தெரியாது, நீங்கள் சொல்லாவிட்டால். ‘ஏரியா-லைவ்’ பண்பு ‘பொலைட்’ என்று வைத்த ஒரு சிறு இடம் பக்கத்தில் ஆரம்பத்திலிருந்தே இருக்க வேண்டும். ‘12 முடிவுகள்’ என்று அதில் எழுதினால் வாசிக்கும். மொத்த டேபிளையும் அந்த இடமாக்கிவிட்டால் ஒவ்வொரு முறையும் நீளமாக வாசித்துத் தள்ளும். அதற்கு ஒன்றும் சொல்லாமலே இருக்கலாம்.

17. டாஷ்போர்டில் நாலு ரெக்வெஸ்ட் ஒண்ணா அனுப்புறேன். ஒண்ணு முடிஞ்சாதான் அடுத்தது வருது. ஜாவாஸ்கிரிப்டில் என்ன தப்பு?

சர்வர் பிஎச்பி என்றால் ஜாவாஸ்கிரிப்டைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பிஎச்பி செஷனைக் கோப்பில் வைக்கும்போது, ஒரு ரெக்வெஸ்ட் செஷனைத் திறந்தால் அது முடியும்வரை கோப்பைப் பூட்டி வைத்திருக்கும். அதே பயனரின் மற்ற மூன்றும் பூட்டு திறக்கக் காத்திருக்கும். செஷனிலிருந்து வேண்டியதைப் படித்த உடனே ‘செஷன்_ரைட்_க்ளோஸ்’ கூப்பிட்டால் நான்கும் சேர்ந்து ஓடும். ஒரே பயனராகச் சோதித்தால் மெதுவாகவும், நான்கு பேர் ஆளுக்கொரு லாகினில் சோதித்தால் வேகமாகவும் இருந்தால், காரணம் இதுதான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

பிஎச்பி இல்லை, ரெக்வெஸ்டுகளும் நாலுக்குப் பதில் நாற்பது என்றால், எச்டிடிபி 1.1-ல் ஒரு தளத்துக்கு பிரவுசர்கள் ஒரே நேரத்தில் 6 இணைப்புகள்தான் திறக்கும். மிச்சம் வரிசையில் நிற்கும். எச்டிடிபி 2-க்கு மாறினால் இந்தத் தடை இல்லை.

18. ஆர்டர் வந்த உடனே திரையில் தெரியணும். செட்இன்டர்வல் போதுமா, வெப்சாக்கெட் வேணுமா?

பத்து விநாடி தாமதம் பரவாயில்லை என்றால் திரும்பத் திரும்பக் கேட்பதே போதும். ஆனால் செட்இன்டர்வல் வேண்டாம். சர்வர் திணறும்போதும் அது விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு பதில் வந்த பிறகு அடுத்ததற்கு டைமர் வையுங்கள், டேப் மறைந்திருந்தால் நிறுத்துங்கள்.

சர்வரிலிருந்து திரைக்கு மட்டும் செய்தி போக வேண்டும் என்றால் ஈவென்ட்சோர்ஸ். இணைப்பு அறுந்தால் அதுவே மறுபடி இணைந்துகொள்ளும். அரட்டை, விளையாட்டு என்று இரு பக்கமும் ஓயாமல் பேசினால்தான் வெப்சாக்கெட். ஆனால் ஈவென்ட்சோர்ஸ் திறந்தே இருக்கும் இணைப்பு. 17-ல் சொன்ன ஆறில் ஒன்றை ஒவ்வொரு டேபும் பிடித்துக்கொள்ளும், எச்டிடிபி 1.1-ல் ஏழாவது டேப் திறந்தவர் ‘தளம் தொங்குகிறது’ என்று போன் செய்வார்.

19. ஈவென்ட்சோர்ஸ் என் லேப்டாப்பில் ஒவ்வொண்ணா வருது, சர்வரில் போட்டா ரொம்ப நேரம் கழிச்சு மொத்தமா கொட்டுது.

பிரவுசருக்கும் உங்கள் செயலிக்கும் நடுவில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் இருக்கும். பின்னாலிருக்கும் செயலியிடமிருந்து வருவதைச் சேர்த்து வைத்து அனுப்புவது அதன் இயல்பு. அந்தப் பதிலுக்கு மட்டும் ‘எக்ஸ்-ஆக்செல்-பஃபரிங்: நோ’ என்ற ஹெடரை உங்கள் செயலியிலிருந்து அனுப்புங்கள், அல்லது அந்த முகவரிக்கு ப்ராக்ஸி பஃபரிங்கை அமைப்பில் நிறுத்துங்கள். அப்படியும் மொத்தமாக வந்தால் ஜிஜிப் சுருக்கம் அந்த முகவரிக்கும் சேர்த்துப் போடப்பட்டிருக்கிறதா பாருங்கள். நெடுநேரம் செய்தி இல்லாவிட்டால் இணைப்பு வெட்டப்படும். என்ஜின்எக்ஸின் இயல்பான காத்திருப்பு 60 விநாடி. அதற்குள் ஒரு வெற்றுக் கருத்து வரியை, அதாவது முக்காற்புள்ளியில் தொடங்கும் வரியை, அனுப்பிக்கொண்டிருந்தால் போதும். பிரவுசர் அதைக் கண்டுகொள்ளாது.